அந்தோனியாருக்குப் போய்ச் சேராத மெழுகுதிரிகள்

கொழும்பில் கடையில் நிற்கிறவன் வேலை நேரத்தில் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டுமென்றால், என்ன காரணம் சொன்னாலும் பின்னால் ஒரு கேள்வி வரும். வங்கி என்றால் எந்த வங்கி, டொக்டர் என்றால் என்ன வருத்தம், பொலிஸ் என்றால் என்னத்தைச் செய்துவைத்தாய். கேள்வியே வராத காரணம் ஒன்றுதான் உண்டு. செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். கேட்கிறவன் சைவமாக இருக்கட்டும், பௌத்தனாக இருக்கட்டும், மக்காவுக்குப் போய் வந்த முதலாளியாக இருக்கட்டும், "போயிட்டு வாங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அதற்கு மேல் கேட்பது அந்தோனியாரையே சந்தேகப்படுவது மாதிரி.

சாந்தகுமார் அந்தக் காரணத்தைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, கொச்சிக்கடைப் பக்கம் திரும்பாமல் புறக்கோட்டைக்கு நடந்து, காலி ஊருக்குப் போகும் வீதியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, வெள்ளவத்தையில் இறங்கினான்.

ஆமர் வீதியில் தரை டைல்ஸும் குழாயும் கமோடும் விற்கிற கடையொன்றில் அவன் விற்பனையாளன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு வந்தவன். முதலில் லொறியிலிருந்து பெட்டி இறக்கினான், பிறகு பின்னாலிருந்த ஸ்டோர்ஸில் அடுக்கினான், சிங்களம் நாவில் நன்றாக ஏறிய பிறகு முன் கடைக்கு வந்தான். அவனுக்கு வாய்ச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் வீடு கட்டுகிற புருசனும் பெண்சாதியும் குளியலறை நிறத்தின் பேரில் சண்டை பிடிக்கத் தொடங்கினால், இரண்டடி பின்னால் போய் நின்று வேறெங்கோ பார்க்கத் தெரியும். சண்டை ஓய்ந்ததும் அவர்கள் அவனிடம்தான் வருவார்கள். ஹாஜியார் முதலாளி அவனை இத்தனை வருசம் வைத்திருந்தது அதற்காகத்தான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் வாய் அடைத்துப் போனது. சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாயும் தகப்பனும், "வழுக்காத டைல்ஸ் காட்டுங்க, புள்ள குளிக்கிற இடத்துக்கு" என்றார்கள். எத்தனையோ பேருக்குக் காட்டிய டைல்ஸ்தான். எடுத்து மேசையில் வைத்துவிட்டான். சொல்லத்தான் ஒன்றும் வரவில்லை. ஸ்டோர்ஸுக்குள் போய், பெட்டியோடு அடுக்கியிருந்த கமோட் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். எழுந்து வெளியே வந்தபோது கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள்.

"என்னா குமார், சொகமில்லையா?" என்று கேட்டார் கொன்ஸ்ரன்ஸ் அக்கா. காசாளர் மேசையில் இருப்பவர், கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெண்மணி.

"கேஸ்ட்ரிக்" என்றான்.

அது நடந்தது குழந்தை போன பிறகு வந்த மாதத்தில்.

குழந்தை என்று சொல்லலாமா என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருசம். மூன்றாவது தடவை செய்த சிகிச்சையில்தான் மனைவி ரஜனிக்குக் கரு தங்கியது. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். உங்களிலும் குறையில்லை, மனைவியிலும் குறையில்லை, சில பேருக்கு இப்படித்தான், காரணம் பிடிபடாது என்றார் டொக்டர். குறை இருந்தால் அதன் மேல் கோபப்படலாம். இல்லாத குறையின் மேல் யார் கோபப்படுவது?

ரஜனியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். இரத்மலானையிலிருந்து அவள் அக்கா மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக் குப்பாயி நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தாள். எல்லாரும் போகும்போது வாசலில் அவனுக்குச் சொல்லிவிட்டுப் போனது ஒன்றையேதான்: "அவள நல்லா பாத்துக்க." அவனும் தலையாட்டினான். அவனை யார் பார்த்துக்கொள்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதிக்குத் தோன்றியிருக்கிறது. மருந்து எடுக்க நின்றவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெள்ளவத்தையில தமிழ்ல பேசுற ஒரு மிஸ் வாறாங்க, செவ்வாய்க்கெழம மட்டும். ஹஸ்பன்ட்மாரும் போகலாம்" என்றாள். ஹஸ்பன்ட்மாரும் என்பதை அழுத்திச் சொன்னாள்.

தமிழில் பேசுகிற மிஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்ததால்தான் அந்தோனியார் இந்த விசயத்துக்குள் இழுபட்டார்.

ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. படிக்கட்டு ஓரத்தில் மூன்று மொழியிலும் எழுதிய பலகை. கவுன்சலிங் என்பதற்குத் தமிழில் போட்டிருந்த உளவளத்துணை என்ற சொல்லை அவன் முதல் நாள் இரண்டு தடவை வாசித்தான். வீதியின் இரு பக்கமும் பார்த்து, மருந்து வாங்க வந்தவன் போல நின்று, ஆள் குறைந்ததும் ஏறினான். மிஸ்ஸின் பெயர் பஹ்மியா. அவனைவிட வயது குறைந்தவள், சாம்பல் நிற முக்காடு. மேசைக்குப் பின்னால் இராமல் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. முதல் நாள் முழுக்க அவன் அந்த விசிறியைப் பற்றித்தான் பேசினான். பேரிங் போயிருக்கிறது, எண்ணெய் விட்டால் சரி வரும் என்றான்.

"சரி, அடுத்த கெழம விட்டுப் பார்ப்போம்" என்றாள் பஹ்மியா. "வருவீங்க தானே?"

வந்தான். எண்ணெய் விட்டான். சத்தம் நின்றது. சத்தம் நின்ற அறையில் அவனுக்கு அழுகை வந்தது.

மெழுகுதிரிகள் சேரத் தொடங்கியதும் அந்த வாரத்தில்தான்.

"அந்தோனியார்ட்ட தானே போறீங்க, எனக்கும் ஒன்னு ஏத்திருங்க" என்று கொன்ஸ்ரன்ஸ் அக்கா தன் பேத்தியின் ஞானஸ்நான மெழுகுதிரியை நீட்டினார். நீல ரிப்பன் கட்டியது, பாதி எரிந்தது. குவைத்திலிருக்கும் மகள் ஃபோன் கோல் எடுப்பதில்லை என்பது அவர் வேண்டுதல். மறு வாரம் லொறியில் பெட்டி இறக்கும் சிங்களத் தோழன் தன் மகனின் பரீட்சைக்கு ஒரு கட்டுக் கொடுத்தான். ஹாஜியார் முதலாளிகூட ஒன்றும் சொல்லாமல் ஒரு பைக்கற்றை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். வீட்டில் அவன் அம்மா சீனியம்மா, மகன் ஒன்பது செவ்வாய் நேர்த்தி வைத்திருக்கிறான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கொட்டாஞ்சேனையில் தோட்டமென்பது முதுகோடு முதுகாக நிற்கும் வீட்டு வரிசை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு சொல்வார்கள். குப்பாயி தன் முழங்காலுக்கு ஒன்று தந்தாள். அவள் தந்ததைப் பார்த்து மற்றவர்களும் தந்தார்கள்.

எல்லாவற்றையும் கமோட் மூடி வந்த ஒரு வெற்றுப் பெட்டியில் போட்டு, ஸ்டோர்ஸின் மூலையில் வைத்தான். முதலில் உண்மையாகவே ஏற்றிவிடத்தான் நினைத்தான். கொச்சிக்கடை என்ன தூரமா? வேறொரு நாள் வேலை முடிந்து போனால் ஆயிற்று. ஒரு நாள் போகவும் போனான். வாசல் மட்டும் போனான். கடைசியாக அந்த வாசலால் போனது ரஜனியோடு. வயிற்றில் தங்கிவிட்டது என்று டொக்டர் சொன்ன வாரம், நன்றி சொல்ல. ரஜனி அன்றைக்கு ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, காற்றில் அணைந்துவிடாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள். அது முழுக்க எரியும்வரை நகர மாட்டேன் என்றாள். அவன்தான் நேரமாகிறது என்று கூட்டிக்கொண்டு வந்தான்.

அது ஞாபகம் வந்ததும் திரும்பிவிட்டான். பெட்டி நிரம்பிக்கொண்டு போனது.

"அந்த மெழுகுதிரிய முழுக்க எரிய விட்டிருக்கணும் மிஸ்" என்று பஹ்மியாவிடம் சொன்னான்.

அதனால்தான் போனது என்று நினைக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. அதற்கு அவன் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான், அது பொய்யாகவும் இருந்திருக்கும். "ரஜனி என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"நீங்க இங்க வாறது அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு வாரமும் அதே பதில். அவள் கடிந்துகொள்ளவில்லை. "ஏலாட்டி இண்டைக்கு வாணாம். ஆனா க்ளினிக்குக்கு நீங்க பதில் சொல்லணும் தானே. அத ஒருத்தரா சொல்ல ஏலாது" என்றாள்.

அந்தப் பதில்தான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. கடைசிச் சிகிச்சையில் உருவான கருக்களில் ஒன்று மிச்சமிருந்தது. க்ளினிக்கில் உறைய வைத்திருந்தார்கள். மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்று கோல் வந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பதா, இன்னும் ஒரு வருசம் அப்படியே வைத்திருப்பதா, விட்டுவிடுவதா. சீனியம்மா அதை "ஐஸ்ல இருக்குற புள்ள" என்பாள். மழை பெய்கிற நாளில், "அங்க ரொம்ப குளிருமோ என்னமோ" என்று தனக்குள் முணுமுணுப்பாள். ரஜனி அந்த இடத்தை விட்டு எழுந்து போவாள்.

கோல் வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"க்ளினிக்ல இருந்து பேசினாங்க."

"ம்."

"என்னா சொல்ல?"

"நீங்க என்னா சொல்றீங்க?"

"நீ சொல்றதுதான்."

"பாப்போம்" என்றாள் ரஜனி. தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அவள் இன்னொரு தடவை வேண்டுமென்று நினைக்கிறாள், தான் போதுமென்றால் நொறுங்கிவிடுவாள் என்று அவன் நினைத்தான். மூன்று தடவையும் ஊசியை வயிற்றில் வாங்கியவளிடம் எந்த வாயால் போதும் என்பது? ரஜனியும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஜம்பட்டா வீதிப் போட்டோகொப்பிக் கடையில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் சமைப்பாள். படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்புவாள். இரண்டு பேரும் தூங்குவது மாதிரி மூச்சு விடுவார்கள்.

வீட்டு அலுமாரியின் மேல் ஒரு துணிப்பை இருந்தது. சீனியம்மாவின் பழைய நூல் சேலைகள், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனவை. பிறக்கிற பிள்ளைக்குக் கிழித்து விரிக்க என்று சேர்த்து வைத்தது. அடுப்படிக்கு ஒரு துண்டு தாருங்கள் என்று ரஜனி ஒருமுறை கேட்டதற்கு, "கைய வச்சா பாரு" என்றாள் மாமி. அன்றிலிருந்து சூட்டுச் சட்டி இறக்க அவள் பழைய டீசேர்ட்டைத்தான் பிடித்தாள். அது வழுக்கும். இரண்டு விரல் எப்போதும் சுட்டிருக்கும்.

ஒன்பதாவது செவ்வாய் வந்தது. அது ஒன்பதாவது என்பதை அவன் மறந்திருந்தான். கடையில் ஒரு அம்மாள் கமோட் மூடி கேட்டாள். சாந்தகுமார் வேறொருவருக்கு வாஷ்பேசின் காட்டிக்கொண்டிருந்தான். கொன்ஸ்ரன்ஸ் அக்கா தானே போய் ஸ்டோர்ஸிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாடிக்கைக்காரிக்கு முன்னால் திறந்தார்.

மெழுகுதிரிகள். வெள்ளை, சிவப்பு, நீளம், கட்டை. மேலாக நீல ரிப்பன் கட்டிய ஒன்று.

வாடிக்கைக்காரி, "மூடி இல்லையா?" என்றாள்.

வேறு பெட்டி எடுத்து, அவளை அனுப்பி, கடை ஓய்ந்த பிறகுதான் கொன்ஸ்ரன்ஸ் அக்கா வாய் திறந்தார். "ஒன்னுகூட ஏத்தல்லயா?"

"இல்லக்கா."

"ஞானஸ்நான மெழுகுதிரி குமார். கமோட் பெட்டிக்குள்ள."

அவன் டைல்ஸைப் பார்த்தான்.

"நான் ஒவ்வொரு செவ்வாயும், இப்ப ஏத்தியிருப்பாரு, இப்ப ஏத்தியிருப்பாருன்னு மணிய பாத்துட்டு இருப்பேன்."

"மக பேசினாங்களாக்கா?"

அக்கா ரிப்பனை நீவி விட்டார். "பேசினா. போன கெழம." பிறகு தன்னையறியாமல் உதட்டைக் கடித்தார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "ஏத்தாமலே வேல செஞ்சிருக்கு. அதுக்காக? இன்னக்கி நேரா அங்க போறீங்க. வேற எங்கயும் இல்ல."

எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவன் ஃபோனை எடுத்து பஹ்மியாவுக்கு, "இன்னக்கி வரல்ல மிஸ். கோயிலுக்குப் போறேன்" என்று அனுப்பினான். இதுவரை சொன்ன பொய்களையெல்லாம் ஊர் நம்பியது. இதை அவள் நம்புவாளா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. சீனியம்மா இறங்கினாள். இரண்டு கையிலும் பாண் ரொட்டி நிறைந்த பைகள். பின்னால் ரஜனி, கடையில் அரை நாள் லீவு கேட்டு வந்தவள் மாதிரி, வேலைச் சேலையோடு.

"ஒம்பதாவது செவ்வாடா குமாரு" என்றாள் சீனியம்மா. "முடிக்கிற அன்னக்கி ஏழைகளுக்கு பாண் குடுக்கணுமாம். குப்பாயி சொன்னா. நாங்களும் வர்றோம்."

அந்த நேரத்தில் கொன்ஸ்ரன்ஸ் அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் பெட்டியை மூடி, அவன் கையில் கொடுத்து, "இந்தாங்க, மறந்துட்டுப் போகப் பாத்தீங்க" என்றார்.

த்ரீவீலரில் மூன்று பேரும் நெருக்கி இருந்தார்கள். பாண் வாசம். பெட்டி அவன் மடியில். ரஜனி பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள், பிறகு வெளியே பார்த்தாள். கமோட் மூடியை யார் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள் என்று அவள் கேட்கவில்லை.

கோயில் வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பது இப்போதெல்லாம் வழக்கம். காவலுக்கு நின்ற இளைஞன் பாண் பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்தான். திறந்தவன் சாந்தகுமாரை ஏற இறங்கப் பார்த்தான்.

"விக்குணன்னத?" என்றான். விற்கக் கொண்டுவந்தாயா என்று.

"நே மஹத்தயா. பாரயக்." இல்லை ஐயா, நேர்த்தி.

"மே ஒக்கொமத?"

இத்தனையுமா என்று அவன் கேட்டது சிங்களம் தெரியாத சீனியம்மாவுக்கும் விளங்கியது. எட்டிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். காவலன் சலித்துப்போய் உள்ளே விட்டான். நாலடி போனதும் சீனியம்மா நின்றாள்.

"இந்த ரிப்பன் வச்சது, இந்த செவப்பு, இது குப்பாயி குடுத்ததுல்ல? ஏண்டா இன்னும் இருக்கு?"

"ஏத்தல்லம்மா."

"ஏன்?"

"நான் இங்க வரல்ல. ஒரு செவ்வாயும் வரல்ல."

கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. யாரோ ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இடித்துவிட்டுப் போனாள். ரஜனி முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்க போன?"

"வெள்ளவத்தைக்கு."

"அங்க என்னா கோயிலு?"

"கோயிலில்ல. ஒரு மிஸ் இருக்காங்க. பேசுறதுக்கு."

"பேசுறதுக்கா?"

"ம். பேசுறதுக்கு."

"என்னாத்த பேசுவ?"

அவன் பெட்டியை மறு கைக்கு மாற்றினான். "அந்தப் புள்ளயப் பத்தி. எனக்கு தூக்கம் வர்றதில்லம்மா. கடையில நின்னா பேச்சு வர்றதில்ல. அதுக்கு."

சீனியம்மாவின் முகம் பல விதமாக மாறியது. சாமிக்குப் பொய் சொல்லியிருக்கிறான் என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. "அந்தோனியார் பேர சொல்லி லீவு எடுத்திருக்கியேடா" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வீட்ல பேசுனா நாங்க கேக்க மாட்டமா?"

அந்த வீட்டில் சோறு, தண்ணீர் பில், குழாய் ஒழுகுவது, எல்லாம் பேசப்பட்டது.

"பாத்துட்டே நிக்காம பத்த வையி" என்றாள் சீனியம்மா.

மெழுகுதிரித் தட்டில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. மெழுகு உருகி வழிந்த சூட்டில் மூன்று பேருக்கும் வேர்த்தது. சீனியம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஆளைச் சொன்னாள், தெரியாததற்கு அவன் சொன்னான். குப்பாயி, முழங்கால். லொறிக்காரன், மகன். பரீட்சை முடிந்து போன வாரமே முடிவும் வந்துவிட்டது. "பரவாயில்ல, நன்றின்னு வச்சுக்குவாரு" என்றாள் சீனியம்மா. ஹாஜியார், தெரியாது. நீல ரிப்பனை அவன் தானே ஏற்றினான்.

பத்துப் பதினைந்து ஏற்றியிருப்பார்கள். கோயில் வேலைக்காரர் ஒருவர் வாளியோடு வந்தார். வயசானவர், யாரையும் பார்க்காமல் தட்டின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை, எரிந்தது எரியாதது எல்லாவற்றையும் கையால் வழித்து வாளிக்குள் தள்ளினார். செவ்வாய்க்கிழமைகளில் அப்படித்தான். பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். குப்பாயியின் முழங்காலும் ஹாஜியாரின் தெரியாததும் ஒன்றாக வாளிக்குள் விழுந்து புகைந்தன.

"ஐயோ, இப்பதானே வச்சோம்" என்றாள் சீனியம்மா.

"எல்லாரும் இப்பதாம்மா வச்சது" என்றார் அவர். "அவரு பாத்துட்டாரு. போங்க."

ரஜனி சிரித்தாள். முதலில் இருமல் மாதிரி வந்தது. பிறகு தோள் குலுங்கியது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. சுவரோரமாகப் போய்க் குந்தினாள். அவன் பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனான். அவன் போய்ச் சேரும்போது அது அழுகையாகியிருந்தது.

"அன்னக்கி நாம வச்சதையும் இப்படித்தான் எடுத்திருப்பாங்க" என்றாள். "நான் நின்னிருந்தாலும் எடுத்திருப்பாங்க. நான் பாதியில வந்துட்டேன் பாதியில வந்துட்டேன்னு..." முடிக்கவில்லை.

அவன் பக்கத்தில் குந்தினான். அவளும் அதையே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒரே மெழுகுதிரியை, ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்தில்.

"நீங்க கோயிலுக்கு வரல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள் கொஞ்சம் பொறுத்து. "இங்க வந்துட்டு வந்தா சட்டையில இந்த வாசம் இருக்கணும். நீங்க பஸ் வாசத்தோட வருவீங்க."

"ஏன் கேக்கல்ல?"

"வேற யாரோ இருக்கான்னு நெனச்சேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இருந்தா இருக்கட்டும்னு நெனச்சேன். அவளுக்குப் புள்ள பொறக்கட்டும். அப்ப என்னைய இந்த ஊசியெல்லாத்துலயும் இருந்து விட்ருவீங்க. நான் தூங்கலாம். கோபம்கூட வரல்லங்க. அவ்வளவு அசதி."

பஹ்மியாவிடம் சொல்லிப் பழகிய வாய்தான். இருந்தும் நேரமெடுத்தது.

"எனக்கு இன்னொரு தடவ ஏலாது ரஜனி" என்றான். "நீ வேணும்னா செய்வேன். ஆனா ஏலாது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருசமாக ஒருவர் மற்றவருக்காக நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள் என்பது விளங்க அவ்வளவு நேரம் எடுத்தது.

"எனக்கும் ஏலாது" என்றாள். சொன்னதும் பயந்துபோய் மாமி நிற்கும் பக்கம் பார்த்தாள். பிறகு மெல்ல, "அப்ப அது? அங்க இருக்கே, அத என்னா செய்வாங்க?"

"எனக்கும் அது தெரியாது. மிஸ்கிட்ட கேப்போம்."

"நானும் வரலாமா?"

"ம். ரெண்டு கதிர இருக்கு. ஃபேன் சத்தம் போடாது."

சீனியம்மா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வரவில்லை. மிச்ச மெழுகுதிரிகளைக் கோயில் வேலைக்காரர் கையிலேயே ஒப்படைத்துவிட்டு, வாசலில் இருந்தவர்களுக்குப் பாணைக் கொடுத்தாள். திரும்பி வரும்போது த்ரீவீலரில்தான் அவன் சொன்னான். மாத முடிவில் க்ளினிக்குக்கு என்ன சொல்லப்போகிறோம் என்பதை, சுற்றி வளைக்காமல். சீனியம்மா பாண் இல்லாத பையை நாலாய் எட்டாய் மடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "எனக்கு இன்னக்கி சோறு வேணாம்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் இருவரோடும் அளந்துதான் பேசினாள். அடுத்த செவ்வாய் கடையில் அவன், "வெள்ளவத்தைக்குப் போகணும், ரஜனியோட, ஒரு டொக்டர் மிஸ்ஸ பாக்க" என்று ஹாஜியாரிடம் சொன்னான். என்ன வருத்தம் என்று அவர் கேட்டார். கேள்வி வருமென்று தெரிந்தே சொன்னது. "மனசுக்குத்தான் ஹாஜியார்" என்றான். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

பஹ்மியாவின் அறையில் ரஜனி முதல் நாள் அதிகம் பேசவில்லை. ஐஸில் இருப்பதை என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டாள். பஹ்மியா தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததை க்ளினிக்கில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இருக்க இடம் கிடைத்தது. பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் ரஜனி அவன் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புறக்கோட்டையில் எழுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. கண்டக்டர்தான் எழுப்பினான்.

வீட்டுக்கு வந்தபோது சீனியம்மா குப்பாயி வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அலுமாரி மேலிருந்த பை கீழே இறங்கிக் கட்டில் மேல் கிடந்தது, பாதி வெறுமையாக. அடுப்படி ஆணியில் மஞ்சள் நூல் சேலையொன்றின் துண்டு, ஓரம் மடித்துத் தைத்து, கைப்பிடித் துணியளவுக்கு வெட்டித் தொங்கியது. பக்கத்தில் இன்னும் இரண்டு, மடித்தபடி.

சாந்தகுமார் அதைப் பார்த்தான். ரஜனியும் பார்த்தாள். பருப்பு பொங்கி மூடியைத் தள்ளியது. அவள் அந்தத் துணியை எடுத்து, இரண்டாக மடித்து, சட்டியைப் பிடித்து இறக்கி வைத்தாள்.